ஹயருக்கு டீசலா, பெற்றோலா?

2022 ஒக்டோபர் 17ஆம் திகதி எரிபொருள் விலை மாறியபோது, நம் சாரதிகள் பழகியிராத ஒரு நிலைமை பம்பில் தெரிந்தது. ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 370 ரூபாவுக்கு இறங்கியது. ஒட்டோ டீசலும் இறங்கியதுதான், ஆனால் 415 ரூபாவில் நின்றுகொண்டது. டீசல் பெற்றோலைவிட 45 ரூபா கூட.

அதற்குப் பத்து மாதம் முந்தி, 2021 டிசெம்பரில், பெற்றோல் 177, டீசல் 121. மாத்தளை டவுனில் ஹயருக்கு நிற்பவர்களும், தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி ஏற்ற வருபவர்களும் "டீசல் வண்டி என்றால் கைக்கு நாலு காசு மிஞ்சும்" என்று சொன்னது அந்த 56 ரூபா இடைவெளியை வைத்துத்தான். அந்த இடைவெளியை எஞ்சின் உண்டாக்கவில்லை. பஸ்ஸும் லொறியும் டீசலில் ஓடுவதால் அதன் விலையைத் தாழ்த்தி வைப்பது அரசாங்கங்களின் நீண்டகாலப் பழக்கம். உக்ரேன் போருக்குப் பின் உலகச் சந்தையில் டீசல் பெற்றோலைவிட விலை ஏறியது. வெளியே வாங்கும் விலைக்கே உள்ளே விற்க வேண்டிய நிலைக்கு நாமும் வந்தோம். பழக்கம் முடிந்தது. 2025 யூலையில் பெற்றோல் 305, டீசல் 289. இடைவெளி வெறும் 16 ரூபா.

அப்படியென்றால் டீசலின் காலம் முடிந்ததா? அவசரப்பட வேண்டாம். எஞ்சின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது.

லீற்றரே இங்கே கொஞ்சம் ஏமாற்றுகிற அளவு. ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 740 கிராம் நிறை. ஒரு லீற்றர் டீசல் 830 கிராமுக்கு மேல். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் இரண்டிலும் உள்ள சக்தி ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நாம் கிலோவில் வாங்குவதில்லை. லீற்றரில் வாங்கும்போது பெற்றோலில் 32 மெகாஜூல் கிடைக்கிறது, டீசலில் 36. எஞ்சின் சுழலும் முன்பே டீசல்காரருக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு இலாபம்.

மீதியை எஞ்சின் தருகிறது. பெற்றோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைப் பத்தில் ஒரு பங்காக அமுக்கி, ஸ்பார்க் பிளக்கால் பற்றவைக்கிறார்கள். அதற்கு மேல் அதிகம் அமுக்கினால் பொறி வருமுன்னே கலவை தானாக வெடித்து எஞ்சின் 'நொக்' அடிக்கும். ஜேர்மன் பொறியியலாளர் ருடோல்ஃப் டீசல் வேறு வழியில் போனார். காற்றை மட்டும் பதினாறு, பதினெட்டு மடங்கு அமுக்கினால் அது எரிபொருளைத் தானே பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகிறது. அந்த நேரம் பார்த்து டீசலைப் பீச்சினால் போதும், பிளக் வேண்டாம். 1897இல் அவுக்ஸ்பேர்க் நகரில் அவர் ஓட்டிக்காட்டிய எஞ்சின் எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் பத்தைத் தாண்டவே திணறின.

ஹயர்காரருக்கு இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பெற்றோல் எஞ்சினின் வேகத்தைக் குறைப்பது காற்று வரும் வழியை அடைத்துத்தான். குழாயை விரலால் நசுக்கிக்கொண்டு இளநீர் உறிஞ்சுவதுபோல, பாதி மூடிய வால்வுக்குப் பின்னாலிருந்து பிஸ்டன் காற்றை இழுக்க வேண்டும். டீசலில் காற்றுக்குத் தடையில்லை. வேகம் குறைய வேண்டுமானால் பீச்சும் டீசலைக் குறைத்தால் சரி. ஆகவே அக்குறணை நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போதும், சீகிரியா வாகனத் தரிப்பிடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஏசியைப் போட்டுக் காத்திருக்கும்போதும் பெற்றோல் எஞ்சின்தான் கூடுதலாக வீணடிக்கிறது.

இப்போது காசுக் கணக்கு. ஒரே அளவு கார், பெற்றோலில் லீற்றருக்கு 13 கிலோமீற்றர், டீசலில் 16 என்று வைத்துக்கொள்வோம். 2021 டிசெம்பர் விலையில் பெற்றோலுக்குக் கிலோமீற்றருக்கு 13 ரூபா 60 சதம், டீசலுக்கு 7 ரூபா 55 சதம். மிச்சம் ஆறு ரூபா. 2022 ஒக்டோபரில், டீசல் விலை கூடியிருந்தபோதுகூட, டீசலே இரண்டரை ரூபா மலிவு. 2025 யூலையில் மிச்சம் 5 ரூபா 40 சதம். ஆறுக்கும் ஐந்தரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் 2021இல் டொலர் 200 ரூபா, 2025இல் 300. டயர், பெற்றரி, ஸ்பெயார் பார்ட்ஸ் எல்லாம் டொலரோடு ஏறின, அந்த ஐந்தரை ரூபா ஏறவில்லை. டீசல் கார் பத்து இலட்சம் கூடுதல் விலை என்றால், அந்தப் பணம் திரும்ப ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் கிலோமீற்றர் ஓட வேண்டும். லீசிங் தவணை அதுவரை காத்திருக்காது.

இந்தப் போட்டிக்குள் மூன்றாமவர் ஒருவர் நுழைந்தார்: பெற்றோல் ஹைபிரிட். அக்வாவோ பிரியஸோ லீற்றருக்கு 20 கொடுத்தால், அதே 2025 யூலை விலையில் கிலோமீற்றருக்கு 15 ரூபா 25 சதம்தான், டீசலையும் முந்திவிடுகிறது. நெரிசலில் எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டரில் நகர்வதால், பெற்றோல் எஞ்சினின் மிகப் பெரிய பலவீனமே அதில் காணாமல் போகிறது. 2022இல் கியூ.ஆர். எரிபொருள் பங்கீடு வந்தபோது இது எல்லாருக்கும் வெட்டவெளிச்சமானது. ஆரம்பத்தில் காருக்கும் வானுக்கும் வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5. லீற்றருக்குப் பத்து ஓடும் பழைய டொல்பின் வானுக்கு அது 200 கிலோமீற்றர். மாத்தளையிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போய்த் திரும்பவே போதாது. ஹைபிரிட்காரர் அதே 20 லீற்றரில் 400 ஓடினார்.

சரி, மலைக்கு? "ஏத்தம் ஏற டீசல்தான் தம்பி" என்ற பேச்சை மாத்தளையில் யாரும் மறுக்கத் துணிவதில்லை. அதில் பாதி உண்மை. மாத்தளை டவுன் கடல் மட்டத்திலிருந்து 364 மீற்றர். இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறினால் இன்னும் கிட்டத்தட்ட 1,000 மீற்றர் உயரம். ஆட்களோடும் பையோடும் 1,500 கிலோ நிறையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க 14.7 மெகாஜூல் வேண்டும். மின்சார பில் கணக்கில் சொன்னால் நான்கு அலகு. தூக்குவதற்கு மட்டும், பெற்றோலானாலும் டீசலானாலும், ஒரு லீற்றருக்கு மேல் போகும். ஏற்றத்தில் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எதிர்பார்த்த அளவுக்கு விரிவதில்லை. காரணம், ஏற்றத்தில் அக்சிலேற்றரை நன்றாக மிதிப்பதால் பெற்றோல் எஞ்சினின் காற்று வழி முழுக்கத் திறந்துவிடுகிறது. அதன் வீணடிப்பு தட்டையான ரோட்டில் மெல்ல ஓடும்போதுதான் அதிகம்.

சாரதி உணரும் அந்த 'இழுவை' வேறு விஷயம். டர்போ வைத்த டீசல் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குள்ளேயே தன் முழு முறுக்கு விசையையும் தந்துவிடும். டர்போ இல்லாத சிறு பெற்றோல் எஞ்சின் அதற்கு 4,000 வரை அலற வேண்டும். மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் குறைய, டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் அதே அளவு குறைகிறது. நாலு பெரிய ஆட்களை ஏற்றிய ஆல்ட்டோ ரிவர்ஸ்டன் வளைவுகளில் முதல் கியருக்கு இறங்குவது அதனால்தான். டர்போ இந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேச வேண்டியது அதைத்தான். மேலே தூக்கிய நான்கு அலகும் கீழே வரும்போது எங்கேயோ போயாக வேண்டும். ரோட்டோடும் காற்றோடும் பாதி போனாலும் இரண்டு அலகு மிஞ்சும். அது பிரேக்கைச் சுட்டுவிடும். பெற்றோல் காரில் காலை எடுத்ததும் காற்று வழி மூடிக்கொள்ள, பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுபட்டு வண்டியைப் பிடிக்கின்றன. நெரிசலில் காசைத் தின்ற அதே குறை இறக்கத்தில் உயிரைக் காக்கிறது! டீசலில் அமுக்கப்பட்ட காற்று திரும்ப விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடுவதால் பிடிப்பு குறைவு. லொறிகளில் தனியாக எக்ஸோஸ்ட் பிரேக் வைப்பது இதற்காகவே.

ஹைபிரிட் இறக்கத்தில் பெற்றரியை நிரப்பிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அக்வாவின் பெற்றரி முழுவதுமே ஒரு அலகுக்குச் சற்றுக் குறைவு; அதிலும் பாதியைத்தான் வண்டி பாவிக்கும். ரிவர்ஸ்டனிலிருந்து இறங்கினால் இரத்தோட்டைக்கு வருமுன்பே அது நிரம்பிவிடும். அதற்குப் பிறகு பாரம் பெரும்பாலும் பிரேக்கின் மேல்தான். கியர் லீவரில் 'B' என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அது இந்த நேரத்துக்கானது: எரிபொருள் இல்லாமல் எஞ்சினைச் சும்மா சுழற்றி மிஞ்சிய சக்தியைத் தின்னவைக்கும். ஹைபிரிட் வாங்கி வருடக்கணக்காக ஓடியும் அந்த எழுத்தைத் தொடாதவர்கள் நிறையப் பேர்.

டவுன் ஹயருக்கு டீசலை நான் சொல்லமாட்டேன், அதற்குக் காரணம் வேறு. ஆஸ்பத்திரிக்கு ஒரு ஓட்டம், பாடசாலைக்கு ஒரு ஓட்டம், அலுவிகாரைக்கு ஒன்று என்று இரண்டு, மூன்று கிலோமீற்றர் ஓடி நிறுத்தினால் எஞ்சின் சூடாகவே நேரமில்லை. புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாக்க 600 பாகை அளவுக்குச் சூடு வேண்டும். மாத்தளையிலிருந்து நாலந்தை, நாவுல தாண்டி தம்புள்ளை வரை ஒரே ஓட்டமாகப் போனால் கிடைக்கும், டவுனுக்குள் கிடைக்காது. அடைத்துப்போய் வோர்னிங் லைற் எரியும். அதைக் கழற்றிவிட்டு ஓடுவது சிலருக்குத் தீர்வாகத் தெரிகிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் ஸ்டாண்டில் நாள் முழுக்க நிற்கும் சாரதியே.

நீண்ட ஹயருக்கு, பத்துப் பேரோடு கதிர்காமத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் வானுக்கு, கேள்வியே இல்லை. அங்கே டீசல்தான். கே.டி.எச். வானில் பெற்றோல் எஞ்சின் வைத்து அந்த ஓட்டம் ஓடினால் ஹயர் காசில் பாதி பெற்றோல் ஷெட்டிலேயே போய்விடும்.

பாவித்த டீசல் வண்டி வாங்குபவர் மீற்றரைப் பார்ப்பதோடு நிற்கக்கூடாது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை திறக்கவில்லை. அதனால் சந்தையில் உள்ள பழைய வண்டிகளில் பல நிறைய ஓடியவை. புதிய வகை டீசல் எஞ்சினின் இன்ஜெக்டர், 1,600 வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், தலைமயிர் அளவுத் துளைகளால் எரிபொருளைப் பீச்சுகிறது. டீசலில் கலந்த கொஞ்சம் தண்ணீரோ தூசியோ போதும், அது தேய்ந்துவிடும். நல்ல கராஜ் பாஸ் என்றால் நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் டாங்கிக்குத் திரும்பும் சிறு குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு சின்னப் போத்தலில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிடுவார். நான்கிலும் டீசல் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு போத்தல் மட்டும் முந்திக்கொண்டு நிறைந்தால், புது இன்ஜெக்டரின் விலையைக் கேட்டு அதைக் கழித்துப் பேசுங்கள்; மூன்று நிறைந்தால் வேறு வண்டி பாருங்கள்.