முதலில் மகள், பிறகுதான் ஊர்

சென்ற ஆண்டு மழைக்காலம். இரவு ஒன்பது மணி இருக்கும். ஆயர் தாவாரில் என் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோட்டத்தில் எங்கள் பக்கத்து லயத்தில் வளர்ந்த தம்பியின் மனைவி. உள்ளே வந்ததும் முதலில் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அக்கா, பிள்ளைக்கு நாலு மாசமா ஒன்னும் வரல. கேட்டா அழுவுறா. வயிறு தெரிய ஆரம்பிச்சிருச்சி."

மகளுக்கு அப்போதுதான் 16 வயது நிறைந்திருந்தது. நான்காம் படிவம். விஷயம் தெரிந்ததும் அப்பா பெல்ட்டை உருவிவிட்டார். ஜொகூரில் உள்ள அத்தை வீட்டுக்கு அனுப்பி, பிரசவம் முடிந்ததும் கூட்டி வரலாம் என்கிறார் பாட்டி. "வெளிய தெரிஞ்சா கோயில் பக்கம் தலை காட்ட முடியுமாக்கா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா அழுதார்.

நான் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த வட்டாரத்தில் பலருக்கு இன்னமும் நான் 'மிஸ்ஸி'தான். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

அன்று எனக்கு வேறொரு பெண் நினைவுக்கு வந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தோட்டத்து வீட்டில் 15 வயதுப் பெண்ணை மாதக்கணக்கில் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். ஒரு தடவைகூட இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. வலிப்பு வந்த பிறகுதான் வேனில் ஏற்றினார்கள். பெண் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அவள் உண்டாகியிருந்தது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதது கிளினிக்குக்கு மட்டும்தான்.

20 முதல் 24 வயது வரையிலான தாய்மாரைவிட, 10 முதல் 19 வயதுக்குள் தாயாகும் பெண்களுக்குக் கர்ப்ப கால வலிப்பும் பிரசவத்துக்குப் பிந்திய கிருமித் தொற்றும் வரும் ஆபத்து அதிகம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மறைத்து வைத்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

அன்றிரவு செய்ய வேண்டியது

அடிக்காதீர்கள். உறவினர்களுக்குப் போன் போடாதீர்கள். "உன்னை விட்டுட மாட்டோம், காலையில ஒன்னா கிளினிக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டு, அம்மா மகளோடு படுத்துக்கொள்ளட்டும். பயந்துபோன பெண்ணை அன்றிரவு தனியாக விடக்கூடாது. இணையத்தில் மாத்திரை தேடுவதும், நாட்டு மருந்து குடிப்பதும் அந்தத் தனிமையில்தான் நடக்கும்.

மறுநாள், அவளைத் தனியே வைத்து அமைதியாகக் கேளுங்கள்: யார்? உன் விருப்பத்தோடா, பயமுறுத்தியா? சில வீடுகளில் குற்றவாளி உறவினராகவே இருப்பார். எல்லார் முன்னாலும் கேட்டால் அந்தப் பெயர் வெளியே வராது.

வயதையும் கவனியுங்கள். 16 வயது நிறையாத பெண்ணோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும், நம் குற்றவியல் சட்டப்படி கற்பழிப்புதான். இந்தப் பிள்ளைக்கு இப்போது 16; நடந்தபோது 15. சிறார் மீதான பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. பையனுக்கு 19 வயது. "கட்டி வெச்சிட்டா முடிஞ்சிது" என்றார் அப்பா. முடியாது. முஸ்லிம் அல்லாதாருக்குத் திருமண வயது 18. 16 வயது நிறைந்த பெண்ணுக்கு மந்திரி பெசாரின் சிறப்பு அனுமதி வேண்டும். அப்படியே கட்டி வைத்தாலும் நடந்த குற்றம் மறையாது.

கிளினிக்கில்

வயதையோ கல்யாணத்தையோ காரணம் காட்டி அரசாங்கக் கிளினிக்கில் கர்ப்பிணியைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். இரத்த அழுத்தம், இரத்தச் சோகை, ஸ்கேன் எல்லாம் பார்த்து இளஞ்சிவப்புப் புத்தகத்தில் எழுதுவார்கள். பலாத்காரம் நடந்திருந்தால், பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு.

கர்ப்பத்தைத் தொடர்வது தாயின் உயிருக்கோ, உடல் அல்லது மன நலத்துக்கோ கூடுதல் ஆபத்து என்று பதிவு பெற்ற மருத்துவர் கருதினால், அதைக் கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. இதை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். குழந்தையை வளர்ப்பதா, முறைப்படி தத்துக் கொடுப்பதா என்பதை மகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அப்பா பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதிவு செய்யலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். ஈப்போவில் உள்ள பேராக் மகளிர் சங்கத்தையும் சமூக நலத்துறையையும் நாடலாம். பள்ளிக்குப் போக முடியாவிட்டாலும் எஸ்.பி.எம். தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம்.

2010-இல் பெட்டாலிங் ஜெயாவில் ஆர்ஃபன்கேர் அறவாரியம் குழந்தைகளைப் பத்திரமாக விட்டுச் செல்ல ஒரு பெட்டகம் திறந்தது. அதற்கு முன்னும் பின்னும் புதரிலும் குப்பைத் தொட்டியிலும் சிசுக்கள் கிடந்த செய்தியை நாம் படித்துத்தான் வருகிறோம். படித்ததும் "என்ன பொண்ணு இவ" என்று கேட்கிறோம். அவள் வீட்டில் யாரிடம் சொல்லியிருக்க முடியும் என்று கேட்பதில்லை.

நம் பிள்ளையின் வீட்டில் போலீஸ் புகார் செய்தார்கள். ஜொகூர்ப் பயணம் நின்றது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் அப்பாதான் காரோட்டி வந்தார். ஆனால் இறங்க மாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஏழாம் மாதம் ஒருநாள், தாதி பெயரைக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தேன். அவர் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில், அந்த இளஞ்சிவப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர் வரிசையில் எங்கள் பழைய லயத்துக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் எழுந்து மகளோடு உள்ளே போனார்.