திறமூல நிலைபொருள் இற்றைப்படுத்தல் நிரலகம்: உருவாக்கமும் பராமரிப்பும்

முன்னுரை

கணினித் துறை குறித்துத் தமிழில் எழுதுவோர் வன்பொருள், மென்பொருள் என்னும் இரு சொற்களை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது நிலைபொருள். ஃபர்ம்வேர் என்று பொறியாளர் வழங்குவது இதனையே. மின்சுற்றுப் பலகையில் பதிக்கப்பட்ட நினைவகச் சில்லில் உறையும் இந்நிரல், இயங்குதளம் எழுவதற்கு முன்னரே எழுந்து கருவியை ஆயத்தப்படுத்துகிறது. கணினியின் முதன்மைப் பலகைக்கு மட்டுமன்றிச் சுட்டி, விசைப்பலகை, திடநிலை வட்டு, மின்கலம் ஆகியவற்றிற்கும் தனித்தனி நிலைபொருள் உண்டு. பெயரில் நிலைத்தன்மை இருப்பினும் இதில் பிழைகளும் பாதுகாப்புக் குறைகளும் வெளிப்படுகின்றன. ஆகவே அவ்வப்போது இதனை இற்றைப்படுத்த வேண்டியுள்ளது.

மென்பொருளை இற்றைப்படுத்துகையில் தவறு நேர்ந்தால் அதனை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். நிலைபொருளை எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டாலோ பொருந்தாத கோப்பு எழுதப்பட்டாலோ கருவியே எழாமற் போகக்கூடும். அதனை எழுப்ப வேண்டிய நிரலும் அழிந்த அதே சில்லில் இருந்தது என்பதே காரணம். அவ்வாறு செயலிழந்த கருவியை இத்துறையினர் ‘செங்கல்’ என்பர். லினக்ஸ் இயங்குதளத்தில் 2015 முதல் வளர்ந்துவரும் ‘எஃப்டபிள்யூஅப்டி’ என்னும் திறமூல நிரலகத்தை முன்வைத்து, இத்தகைய நிரலகத்தை எழுதுவதைக் காட்டிலும் பேணுவது அரிதாக இருப்பதன் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

முன்னர்ப் பெரும்பாலான வன்பொருள் நிறுவனங்கள் நிலைபொருள் கோப்புகளை விண்டோசில் இயங்கும் செயலிகளாகவே வெளியிட்டு வந்தன. லினக்ஸ் பயனர் ஒருவர் தம் கணினியின் நிலைபொருளை மாற்ற விரும்பினால் விண்டோசை நிறுவிக்கொள்ளவோ பழைய டாஸ் வட்டொன்றை உருவாக்கிக்கொள்ளவோ வேண்டியிருந்தது. பலர் அத்தொல்லையை ஏற்காமல் இற்றைப்படுத்துவதையே கைவிட்டனர்.

இங்கிலாந்தில் வாழும் ரிச்சர்டு இயூசு என்னும் ரெட் ஹேட் நிறுவனப் பொறியாளர், திரையின் நிறத்தை அளந்து சீர்செய்யும் ‘கலர்ஹக்’ என்னும் திறந்த வடிவமைப்புக் கருவியை உருவாக்கி விற்றுவந்தார். அச்சிறு கருவியின் நிலைபொருளைப் பயனர் மாற்றிக்கொள்ள எளிய வழி தேவைப்பட்டது. அத்தேவையிலிருந்து முளைத்ததே இந்நிரலகம். அதே 2015-இல் வெளியான யூஇஎஃப்ஐ 2.5 வரையறை, கணினியில் இற்றைப்படுத்தத்தக்க உறுப்புகளையும் அவற்றின் பதிப்பெண்களையும் இயங்குதளம் படித்தறியும் அட்டவணை ஒன்றை வகுத்தது. டெல் நிறுவனம் தொடக்கத்திலேயே இணைந்தது. 2018-இல் லெனோவோ வந்தது. நிறுவனங்கள் கோப்புகளைப் பதிவேற்றும் எல்விஎஃப்எஸ் என்னும் பொதுக் களஞ்சியம் பின்னர் லினக்ஸ் அறக்கட்டளையின் அரவணைப்பிற்குள் வந்தது. இக்களஞ்சியத்தின் வழியே சென்ற இற்றைப்படுத்தல்கள் இன்று பத்துக் கோடியைத் தாண்டிவிட்டன.

நிரலகம் எல்ஜிபிஎல் உரிமத்தில் வெளிப்படையாக உள்ளது. அது சுமந்து செல்லும் நிலைபொருள் கோப்புகளோ பெரும்பாலும் நிறுவனங்களின் மூடிய உடைமைகள். திறமூல இயக்கத்தின் தூய கொள்கையாளர்க்கு இது உறுத்தலாக இருக்கலாம். குறையுள்ள நிலைபொருளோடு பயனரை விட்டுவைப்பதைக் காட்டிலும் இது மேலானது என்பது மறுத்தற்கரியது.

செயற்பாடு

நிறுவனம் ஒன்று நிலைபொருளையும் அதனை விவரிக்கும் மீதரவுக் கோப்பையும் ஒரே பொதியாகக் கட்டிப் பதிவேற்றுகிறது. தனக்குரிய அடையாள எண் கொண்ட கருவிகளுக்கு மட்டுமே ஒரு நிறுவனம் கோப்பளிக்க முடியும். களஞ்சியம் பொதியில் மின்கையொப்பமிடுகிறது. பயனரின் கணினி முழு மீதரவுப் பட்டியலையும் இறக்கித் தன்னிடமுள்ள கருவிகளோடு தானே ஒப்பிட்டுக்கொள்கிறது. எந்த வீட்டில் எந்தக் கருவி உள்ளதென்பதைக் களஞ்சியத்திற்கு அறிவிக்க வேண்டிய தேவை இதனால் நீங்குகிறது. பட்டியலைப் பகுத்துத் தேவையானதை மட்டும் வழங்கியிருந்தால் தரவுச் செலவு குறைந்திருக்கும். பயனரின் மறைவுரிமை பொருட்டு அவ்வழி தவிர்க்கப்பட்டது.

முதன்மைப் பலகையின் நிலைபொருளை நிரலகம் நேரடியாக எழுதுவதில்லை. கோப்பை வட்டின் தொடக்கப் பகுதியில் வைத்துவிட்டு மறுதொடக்கத்திற்கு விட்டுவிடுகிறது. பலகையின் பழைய நிலைபொருளே புதியதைச் சரிபார்த்து எழுதிக்கொள்கிறது. யூஎஸ்பி கருவிகளின் நிலை வேறு. இற்றைப்படுத்தும் முன் அத்தகைய கருவி பலவேளைகளில் தன் வழக்கமான வடிவைத் துறந்து, வேறோர் அடையாள எண்ணுடன் மீண்டும் தோன்றுகிறது. மறைந்த கருவியும் தோன்றிய கருவியும் ஒன்றே என நிரலகம் உணர வேண்டும். எத்தனை நொடி காத்திருப்பதென்பதும் கருவிக்குக் கருவி வேறுபடும். இவ்வேறுபாடுகளுக்காகவே செருகுநிரல்களும், கருவியின் தனிப்போக்குகளைக் குறித்துவைக்கும் எளிய உரைக்கோப்புகளும் பெருகியுள்ளன.

பதிப்பெண் கூடத் தொல்லை தருவதாகும். 16908291 என்னும் எண்ணைக் கருவி தன் பதிப்பாகத் தெரிவிப்பதாகக் கொள்வோம். ஒரு நிறுவனம் இதனை 1.2.3 என்று படிக்கும், மற்றொன்று 1.2.0.3 என்று படிக்கும். வேறொன்று எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும். முறையறியாது படித்தால் பயனர் திரையில் ஒரு பதிப்பும் நிறுவனத்தின் ஆவணத்தில் மற்றொரு பதிப்பும் நிற்கும். எது புதிது, எது பழையது என்னும் ஒப்பீடே குழம்பும். ஆகவே எந்த முறையில் எண்ணைப் பகுப்பது என்பதையும் மீதரவில் எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

பராமரிப்பின் சுமை

பராமரிப்பாளர் கையில் எல்லாக் கருவிகளும் இருப்பதில்லை. இருந்தாலும் நிரலில் ஒரு வரி மாறும்போதெல்லாம் ஒவ்வொன்றையும் இணைத்துச் சோதிப்பது இயலாது. இதற்கெனக் கையாளப்படும் உத்தி ஒன்று குறிப்பிடத்தக்கது. உண்மைக் கருவியொன்று இற்றைப்படுத்தப்படும்போது கணினிக்கும் அதற்கும் இடையே நடைபெறும் யூஎஸ்பி உரையாடல் முழுவதும் பதிவு செய்யப்படுகிறது. பின்னர்க் கருவி இல்லாமலேயே அப்பதிவை மீள ஓட்டி, நிரலகம் அதே வினாக்களை அதே வரிசையில் எழுப்புகிறதா என்று தானியங்கிச் சோதனை பார்க்கிறது. உற்பத்தி நின்றுபோன கருவிகளும் இப்பதிவுகளின் வழியே சோதனைக்குள் நீடிக்கின்றன.

சில இற்றைப்படுத்தல்களில் கோப்பு பிழையற்றதாயிருந்தும் கேடு விளையலாம். 2020 சூலையில் கிரப் என்னும் தொடக்கநிரலில் ‘பூட்ஹோல்’ எனப் பெயரிடப்பட்ட பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. குறையுள்ள தொடக்கநிரல்களைக் கணினி ஏற்காதிருக்க, அவற்றின் அடையாளங்களை நிலைபொருளின் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும். பயனரின் வட்டில் பழைய தொடக்கநிரலே இன்னும் இருக்குமாயின், பட்டியல் புதிதானவுடன் அவர் கணினி எழாது. எனவே நிரலகம் முதலில் வட்டிலுள்ள தொடக்கநிரல்களை ஆராய்ந்து, தடைசெய்யப்படவிருப்பது அவற்றுள் இருந்தால் இற்றைப்படுத்தலையே மறுக்கிறது. மின்கலத்தில் போதிய மின்னூட்டம் இல்லாதபோதும் அவ்வாறே மறுக்கிறது. எப்போது எழுதக்கூடாது என்னும் அறிவே இந்நிரலகம் ஆண்டுகள்தோறும் சேர்த்துவைத்த பெருஞ்செல்வம் எனலாம்.

சார்ந்திருக்கும் பிற நிரலகங்களாலும் இடர் வரும். 2024 மார்ச்சு 29 அன்று ‘எக்ஸ்சட்’ என்னும் சுருக்க நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவாயில் ஒன்று மறைக்கப்பட்டிருப்பது வெளியாயிற்று. நெடுங்காலம் ஒருவரே பெரும்பாலும் சுமந்துவந்த அப்பணியில், உதவுவதாக வந்து நம்பிக்கை பெற்ற புனைபெயர்க்காரர் ஒருவர் இணைப்பராமரிப்பாளராகி அதனைச் செய்திருந்தார். மீதரவுப் பட்டியலை அம்முறையிலேயே சுருக்கி வழங்கிவந்த எஃப்டபிள்யூஅப்டி குழுவும் வேறு சுருக்கமுறைக்கு மாற முற்பட்டது. பழைய பதிப்புகளோ நீண்டகால ஆதரவுடைய லினக்ஸ் வழங்கல்களில் இன்னும் இயங்குகின்றன. அவற்றிற்குரிய வடிவையும் உடன் வழங்கினாலன்றி அப்பயனர்கள் கைவிடப்படுவர். 2024 அக்டோபரில் 2.0.0 பதிப்பு வந்த பின்னரும் 1.9 கிளை பேணப்பட்டது இத்தகைய கடப்பாட்டினாலேயே ஆகும்.

இவ்வளவு பணியும் மிகச் சிலரின் தோள்களில் உள்ளது. இலாபம் ஈட்டும் வன்பொருள் நிறுவனங்கள் பல இக்களஞ்சியத்தைக் கட்டணமின்றியே பயன்படுத்தி வந்தன. 2025-இல் திட்டம் அந்நிலையை மாற்ற முற்பட்டது. மிகுதியாகப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பொருளாகவோ பொறியாளர் உழைப்பாகவோ பங்களிக்க வேண்டுமென வெளிப்படையாகக் கோரியது. பத்தாண்டுக் காலம் தாமதித்துக் கேட்கப்பட்ட நியாயமான கேள்வி அது.

பணியோ குறையவில்லை. கணினி பாதுகாப்பாகத் தொடங்குவதற்கு அடிப்படையான, மைக்ரோசாஃப்ட் 2011-இல் உருவாக்கிய சான்றிதழ்களின் காலம் 2026 சூன் முதல் முடிவுறத் தொடங்குகிறது. புதிய சான்றிதழ்களைப் பயனரின் நிலைபொருளில் சேர்க்கும் பொறுப்பு லினக்ஸ் உலகில் இந்நிரலகத்தைச் சார்ந்துள்ளது. சில கணினிகளில் அதற்குரிய சிறு நினைவிடம் ஆண்டுக்கணக்கான பயன்பாட்டால் துண்டுதுண்டாகிக் கிடப்பதால் எழுதும் முயற்சி தோல்வியுறுகிறது. அத்தகைய கணினியின் உரிமையாளர், நிலைபொருள் அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டபின் மீண்டும் முயலவேண்டியுள்ளது.