வேலை உண்டு, கூலி பாதி

ஒரு நாட்டின் வியாபாரம் நொடித்துவிட்டது என்றதும், எத்தனை பேர் வேலை இழந்தனர் என்றே கேட்கிறோம். வேலையை இழக்காமல் கூலியில் பாதியை மட்டும் இழந்தவரைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

அமெரிக்க நாட்டின் நிலையைப் பாருங்கள். அங்கே வாரத்திற்கு 35 மணி நேரத்திற்கும் குறைவாக உழைப்பவர் பகுதிநேர ஊழியர். பிள்ளைகளைக் கவனிப்பதற்காகவோ படிப்பதற்காகவோ தாமே நேரத்தைக் குறைத்துக்கொண்டவர் இவர்களில் ஒரு வகை. முழு நேரமும் உழைக்க விரும்பியும் வாய்ப்புக் கிட்டாதவர் மற்றொரு வகை. இவர்களும் வேலையில் இருப்போர் பட்டியலிலேயே சேர்க்கப்படுகின்றனர். (நம் நாட்டு வாராந்திரக் கணக்கிலும், அவ்வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் உழைத்தவர்கூட வேலை பெற்றவரே!)

2006-ல் இந்த இரண்டாம் வகையினர் அமெரிக்காவில் 40 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தனர். 2009-ல் ஏறத்தாழ 90 லட்சம் ஆயினர். கூடியவர்களில் பெரும்பாலோர் வேறிடம் சென்று அரை வேலையில் சேர்ந்தவர்கள் அல்லர். அதே ஆலை, அதே கடை, அதே முதலாளி. சரக்கு விற்காததால் வேலை நேரம் வெட்டப்பட்டது. முதலாளியின் கணக்கும் புரியக்கூடியதே. தொழில் பழகிய ஆளை அனுப்பிவிட்டால், வியாபாரம் தலையெடுக்கும்போது புதியவரைத் தேடிப் பிடித்துப் பழக்க வேண்டும். ஆனால் தொழிலாளியின் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பால் செலவும் பாதியாகிவிடுமா?

மந்தம் நீங்கிய பின்னரும் இந்தக் காயம் விரைவில் ஆறவில்லை. 2008 ஜனவரியில் வேலையின்மை 5 சதவீதம். 2015 டிசம்பரிலும் அதே 5 சதவீதம். பழைய நிலை திரும்பிவிட்டதென்று இதைக் கொண்டு சொல்லிவிடலாம். ஆனால் அரை வேலையில் தவித்தவரோ 2008 ஜனவரியில் 50 லட்சத்திற்கும் குறைவு. 2015 டிசம்பரில் சுமார் 60 லட்சம்.

ஜெர்மனியர் இதற்கு வேறு வழி கண்டுள்ளனர். 'குர்ட்ஸார்பைட்', அதாவது குறுநேர வேலை என்பது அத்திட்டத்தின் பெயர். வேலை நேரம் குறைக்கப்பட்டவர் இழக்கும் நிகர ஊதியத்தில் 60 சதவீதத்தை வேலையின்மைக் காப்பீட்டு நிதி ஈடு செய்கிறது. பிள்ளை உள்ளவருக்கு 67 சதவீதம். 2009-ல் அந்நாட்டின் மொத்த உற்பத்தி 5 சதவீதத்திற்கும் மேல் வீழ்ந்தும் வேலையின்மை சிறிதளவே கூடியது. கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் இத்திட்டத்தில் இருந்தனர்.

எனினும் அங்கே 'மினிஜாப்' எனப்படும் சிறு ஊதிய வேலையில் இருப்போர் அந்தக் காப்பீட்டில் சேராதவர்கள். ஆகவே அவர்களுக்கு இந்த உதவி கிடையாது. 2020-ல் உணவகங்கள் மூடப்பட்டபோது, அவர்களில் பலர் இருந்த அரை வேலையையும் இழந்தனர்.