மங்குக்கு முதல் மருந்து குடைதான்!

கர்ப்பமாக இருக்கும்போது கன்னம், நெற்றி, மேலுதடு எல்லாம் பழுப்பாகத் திட்டுத் திட்டாகப் படருமே, அதைத்தான் 'மங்கு' என்கிறோம். 'முகம் கறுத்திருக்கு, ஆம்பளப் பிள்ளைதான்' என்று ஜோசியம் சொல்ல வீட்டுக்கு வீடு ஒரு பாட்டி உண்டு. அது ஏன் வருகிறது, என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால்தான் தோழியருக்கு இதை எழுதுகிறேன்.

என் மகள் தலைப்பிரசவத்துக்காகத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஏழாம் மாதம் வரை பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வந்தவள். ஐந்தாம் மாதமே மங்கு தெரிய ஆரம்பித்தது. வளைகாப்புக்கு வந்தவர்கள் வளையல் போட்ட கையோடு, 'முகம் ஏண்டி இப்படி ஆயிடுச்சு?' என்று கேட்கக் கேட்க, பெண்ணின் முகம் வாடிப்போனது. ஒருவர் அக்கறையாக ஒரு கிரீமையும் கொடுத்தார். 'பத்தே நாள்ல பளிச்னு ஆயிடும்' என்றார். மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைத்ததாம்.

அதைப் பூசாமல், அப்படியே செக்கப்புக்கு எடுத்துப் போனோம். டாக்டரம்மா டியூபைப் படித்துவிட்டு, 'இதுல ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூணும் இருக்கு. வயித்துல பிள்ளை இருக்கும்போது வேண்டவே வேண்டாம்மா' என்றார். ஸ்டீராய்டு கிரீமை நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பரு வந்து, நிறுத்தியதும் சிவந்து எரியுமாம். இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு மருந்துகளின் கிரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018 மார்ச்சிலேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது.

தயாரிப்பாளர் பெயர்கூட இல்லாத சிவப்பழகு கிரீம்கள் இன்னும் மோசம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே கெட்டுப்போனது. காரணம், கிரீமில் இருந்த பாதரசம். தாயின் தோலில் ஊறும் பாதரசம் வயிற்றுக் குழந்தையையும் போய்ச் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் உடம்பில் ஹார்மோன்கள் கூடுவதால் தோலில் நிறம் தரும் செல்கள் அதிகமாக வேலை செய்கின்றன. வயிற்றில் கறுப்புக் கோடு விழுவதும் இதனால்தான். முகத்தில் வெயில் பட்டால் திட்டு இன்னும் அழுத்தமாகிவிடும். ஹார்மோனைத் தடுக்க நம்மால் ஆகாது. வெயிலைத் தடுக்கலாமே!

எங்கள் வீட்டில் கடைப்பிடிப்பவை இவை:

* காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வெளியே போவதைத் தள்ளிப்போடுகிறோம். போயே ஆக வேண்டுமானால் குடையும், தலையை மூடிய பருத்தித் துப்பட்டாவும் உண்டு.

* ரயிலிலும் பஸ்ஸிலும் வெயில் விழும் ஜன்னல் சீட்டு வேண்டாம். கண்ணாடி மூடியிருந்தாலும் வெயிலின் ஒரு பகுதி உள்ளே வரும்.

* எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத, துத்தநாக ஆக்ஸைடு கலந்த சன்ஸ்க்ரீனை டாக்டரைக் கேட்டு வாங்கினோம். முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூச வேண்டும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும்.

* எலுமிச்சைச் சாறு தேய்க்க வேண்டாம். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து இன்னும் கறுக்கும்.

கத்திரி முடிந்ததும் குடையை மடித்து வைத்துவிடாதீர்கள். ஏப்ரல் 24 போலவே ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சென்னையில் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது.

பெரும்பாலோருக்குப் பிரசவம் ஆன சில மாதங்களில் மங்கு தானாகவே மங்கிவிடும். ஒரு வருஷம் ஆகியும் போகவில்லை என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள். கருத்தடை மாத்திரை சிலருக்கு மங்கைத் திரும்பக் கொண்டுவரும் என்பதால், அது பற்றியும் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

வளைகாப்புக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முகம் கறுத்திருக்கிறதே என்று பிள்ளைத்தாச்சியிடம் கேட்காதீர்கள். வயிறார சாப்பிட்டாயா, நன்றாகத் தூங்கினாயா என்று கேளுங்கள். கையில் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கிரீம் வேண்டாம். நல்ல குடை ஒன்று கொடுங்கள்!

- ஒரு வாசகி, கிழக்குத் தாம்பரம்.