மடிக்கணினியும் கடற்காற்றும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே, உப்புவெளியைக் கடந்து நிலாவெளி நோக்கிச் செல்லும் வழியில், சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்த சிற்றூர் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலும், மணற்கரையும், கரையேற்றி வைத்த வள்ளங்களும் அவ்வூரின் அடையாளங்கள். வாடையும் கச்சானும் முறைவைத்து வீசும் அக்கரையில் மீன்பிடியே பலருக்கும் வாழ்வு.

அங்கே வள்ளம் வாங்கப் புறப்படும் ஒருவர் அதன் வண்ணத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை. எந்தக் கடலில் ஓடப்போகிறது, எவ்வளவு பாரம் ஏற்றவேண்டும், இயந்திரத்தின் வலு என்ன, பழுதுபட்டால் திருத்துவார் அருகில் உண்டா என்று நான்கும் கேட்டறிந்த பின்னரே பணத்தை எடுப்பார். ஆனால் அதே வீட்டில் பிள்ளையின் படிப்புக்கென ஒரு மடிக்கணினி வாங்க நேரும்போது இந்த நிதானம் தவறிவிடுகிறது. கடைக்காரர் சொல்வதும் விளம்பரத்தின் பளபளப்புமே முடிவைத் தீர்மானித்து விடுகின்றன. ஒரு பருவம் முழுவதும் வலையிழுத்துச் சேர்த்த பணம் இரண்டு ஆண்டில் செயலற்றுப்போகும் பெட்டியாக மாறுமாயின், அந்த இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. பிள்ளையின் கல்வியும் இடையில் நின்றுபோகும். 2020 மார்ச்சு மாதத்தில் நோய்ப் பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கருவியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் கருவியில்லா வீட்டுப் பிள்ளைக்கும் இடையே எத்துணை தூரம் விழுந்தது என்பதை நாடு முழுவதும் கண்டது. சல்லிக்கு அண்மையில் நிலாவெளி கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அதன் வாயிலுக்குச் செல்லக் கனவு காணும் மாணவருக்கு இக்கருவி இன்று பாடநூலுக்கு நிகரானது.

தூக்கிச் செல்லத்தக்க கணினியின் வரலாறு நீண்டதன்று. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஒஸ்போர்ன் என்னும் கணினி 11 கிலோ எடையுடையது. அதன் திரையோ 5 அங்குலமே. அதனுள் மின்கலம் இல்லை. சுவரில் செருகினாலன்றி இயங்காது. இதனை அடுத்து வந்த கேப்புரோ என்னும் கணினிக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1983ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்தபடியே அக்கருவியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து, அமெரிக்காவிலிருந்த திரைப்பட இயக்குநர் பீட்டர் ஹயம்சுடன் ஒரு படத்தைப் பற்றி எழுத்தாலேயே உரையாடி வந்தார். அவர் திருகோணமலைக்குப் புதியவர் அல்லர். 1956ஆம் ஆண்டில் மைக் வில்சன் என்னும் நண்பரோடு சேர்ந்து சுவாமி மலையடிக் கடலில் மூழ்கி, பழைய கோணேசர் கோயிலின் கற்றூண்களைக் கண்டவர்களுள் அவரும் ஒருவர். அன்று அவர் பயன்படுத்திய கருவிக்குக் கம்பி இன்றியமையாததாயிற்று. இன்றோ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கருவி கம்பியின்றியே அப்பணியைச் செய்கிறது.

கம்பியில்லாமல் கணினிகள் பேசிக்கொள்ளும் முறை தீவுகளிலேதான் பிறந்தது என்பது இலங்கையர் அறிந்து மகிழத்தக்க செய்தி. ஹவாய்த் தீவுகளில் சிதறிக் கிடந்த பல்கலைக்கழகப் பிரிவுகளை இணைக்க, நோர்மன் ஏப்பிரம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1971ஆம் ஆண்டில் வானொலி அலைகளைக் கையாண்டனர். இரு நிலையங்கள் ஒரே வேளையில் பேசிச் செய்தி குழம்பினால், ஒவ்வொன்றும் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் அனுப்பவேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. இன்று வைஃபை என வழங்கும் முறையின் அடியில் இருப்பதும் இந்தப் பொறுமையே. 1997ஆம் ஆண்டில் இதற்குப் பொது நியமம் வகுக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு முதல் மடிக்கணினிகளில் இவ்வசதி பரவத் தொடங்கியது.

இங்கே பலரிடம் உள்ள ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் நன்று. ‘கம்பியில்லாக் கணினி வாங்கினால் இணையம் தானாக வந்துவிடும்’ என்று எண்ணுவோர் உளர். அவ்வாறன்று. இணைப்பு இரண்டு பகுதியாக உள்ளது. கணினிக்கும் வீட்டிலுள்ள ரவுட்டருக்கும் இடையிலான வைஃபை முதற் பகுதி. ரவுட்டருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கோபுரத்துக்கும் இடையிலானது இரண்டாம் பகுதி. கரைவலையைக் கரைக்கு இழுப்பது ஒரு வேலை. பிடித்த மீனைச் சந்தைக்கு ஏற்றுவது இன்னொரு வேலை. லொறி வராவிட்டால் வலையை எவ்வளவு விரைந்து இழுத்தும் பயனில்லை. ஆதலின் கணினி வாங்குமுன், எந்த நிறுவனத்தின் அலை தம் வீட்டில் வலுவாகக் கிடைக்கிறது என்பதை ஒரு கைத்தொலைபேசி கொண்டு சோதித்தறிதல் வேண்டும். அத்தொலைபேசியையே ரவுட்டராக அமைத்து, ஹொட்ஸ்பொட் என்னும் வழியில் கணினிக்கு இணையத்தைப் பகிரவும் முடியும்.

வைஃபையின் அலைகளிலும் இரு வகை உண்டு. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை தூரம் செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை விரைவு மிக்கது. ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரண்டையும் ஏற்கும் கருவியே சிறந்தது. ரவுட்டரை மூலையிலும் இரும்பு அலுமாரிக்குப் பின்னாலும் வைக்காமல், உயரமான இடத்தில், கோபுரம் இருக்கும் திசையிலுள்ள யன்னலருகே வைத்தல் நலம்.

இனி, தெரிவு செய்யும் முறை. முதலில் வேலையை வரையறுத்தல் வேண்டும். பாடம் படித்தல், கட்டுரை எழுதுதல், காணொளி வகுப்பில் அமர்தல் ஆகியவற்றுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தற்காலிக நினைவகம் 8 கிகாபைட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். இயன்றால் 16 இருப்பது பின்னாளில் உதவும். கோப்புகளைச் சேமிக்கும் பகுதி, சுழலும் வன்தட்டாக இல்லாமல் எஸ்.எஸ்.டி. எனப்படும் வகையாக இருத்தல் நன்று. அதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஆதலின் பேருந்தின் குலுக்கலைத் தாங்கும், விரைந்தும் இயங்கும்.

அடுத்தது மின்கலம். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை இலங்கையர் மறந்திருக்கமாட்டார். மின்கலத்தின் கொள்ளளவு ‘வாட் மணி’ என்னும் அலகாற் குறிக்கப்படும். 50 வாட் மணி கொண்ட மின்கலம், சராசரியாக 10 வாட் செலவிடும் கருவியை 5 மணி நேரம் இயக்கும். விளம்பரம் கூறும் மணிக்கணக்கை விட்டு, இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தல் அறிவுடைமை.

பழைய கருவி வாங்குவோர் இன்னுமொன்றைக் கவனித்தல் வேண்டும். விண்டோஸ் 10 என்னும் இயக்கமுறைக்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அதன் பின்வந்த விண்டோஸ் 11, பல பழைய கருவிகளை ஏற்பதில்லை. மலிவாகக் கிடைக்கும் கருவி எதனை ஏற்கும் என்று கேட்டறியாமல் வாங்குதல் ஆழமறியாமல் காலை விடுவது போலாகும். அத்தகைய கருவி ஏற்கெனவே கையிலிருந்தால், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயக்கமுறையை நிறுவி மேலும் சில ஆண்டு பயன்பெறலாம்.

கனடாவிலோ கட்டாரிலோ உள்ள உறவினர் கொண்டுவரும் கருவியாயின், சார்ஜரின் மேல் அச்சிட்டுள்ளதை வாசித்தல் வேண்டும். ‘100–240’ வோல்ட் என்றிருந்தால் இலங்கையின் 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும். செருகியை மாற்றினாற் போதும். அந்நாட்டில் அளித்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்ளவேண்டும்.

வாங்கிய கருவியைப் பேணுதல் கடலோரத்தில் தனிக்கலை எனலாம். கடற்காற்றில் கலந்துவரும் உப்புத்துகள் காற்றின் ஈரத்தை ஈர்த்து, கருவியின் உள்ளே மெல்லிய உப்புநீர்ப் படலமாகிச் செப்புத் தொடர்புகளை அரித்துவிடும். வள்ளத்தின் இயந்திரத்தை நன்னீரால் கழுவும் வழக்கம் இதன்பொருட்டே. கணினியைக் கழுவ இயலாது. ஆகையால் உப்பு உட்புகாமற் காத்தலே வழி. கரையிலும் வாடியிலும் திறந்து வைத்தலாகாது. வேலை முடிந்ததும் அணைத்து, சூடு தணிந்தபின், சிறிது ஈரமான மென்துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்துப் பையில் வைக்கவேண்டும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொதியொன்றைப் பையிலிடுவது உதவும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொணர்ந்த கருவியில் நீர் வியர்க்கக்கூடும். அரை மணி நேரம் பொறுத்து இயக்குதல் நன்று.

கடல்நீர் தெறித்து உட்சென்றுவிட்டால் உடனே அணைத்து, மின்னிணைப்பைக் கழற்றுதல் வேண்டும். இயங்குகிறதா என்று சோதித்துப் பார்ப்பதே பெருந்தவறு. அரிசிக்குள் புதைத்து வைப்பதாலும் பயனில்லை. ஈரம் போனாலும் உப்பு உள்ளே நின்றுவிடும். தாமதியாமல் திருத்துநரிடம் கொடுத்தலே தக்கது.

வெப்பமும் பகையே. மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்தால் காற்றுவழி அடைபட்டுக் கருவி கொதிக்கும். லிதியம் மின்கலத்தை எப்போதும் நிறைவாகவோ முற்றிலும் வெறுமையாகவோ வைத்திராமல், ஏறத்தாழ 20 முதல் 80 விழுக்காட்டுக்குள் பேணினால் நீடித்துழைக்கும். மின்கலம் வீங்கிக் காணப்பட்டால் ஒரு நாளும் பயன்படுத்தலாகாது. தீப்பற்றும் ஆபத்து உண்டு. இடி மின்னல் வேளையில் சார்ஜரையும் ரவுட்டரையும் சுவரிலிருந்து கழற்றிவிடவேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கு ஒரு சொல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதியது, அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் தோன்றும். யூனிகோட் முறையில் எழுதியது உலகின் எக்கணினியிலும் தமிழாகவே நிற்கும். ரெங்கநாதன் விசைப்பலகையிலோ தமிழ்99 விசைப்பலகையிலோ பழகியவர் இம்முறையில் விரைந்து எழுதலாம்.

இறுதியாக, காவல். பொது இடத்து வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறத்தலாகாது. வீட்டு ரவுட்டருக்கு வலுவான கடவுச்சொல் வேண்டும். இவை எல்லாவற்றினும் முக்கியமானது, எழுதியவற்றுக்குப் படி எடுத்து வைத்தல். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அக்கரையோரக் குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதிகளையும் கல்விச் சான்றிதழ்களையும் அள்ளிச் சென்றது. அவற்றை மீளப் பெற மக்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. இன்று அப்பத்திரங்களைப் படம் பிடித்து, கணினியில் ஒன்று, தனியான யு.எஸ்.பி. கருவியில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூவிடத்தில் வைக்க அரை நாள் போதும். யு.எஸ்.பி. கருவி கரையிலிருந்து தொலைவிலுள்ள உறவினர் வீட்டில் இருப்பது இன்னும் நலம்.

கடலுக்குப் போய்த் திரும்பிய மீனவர், எவ்வளவு களைத்திருந்தாலும் வள்ளத்தை அலை தொடாத தூரத்துக்கு இழுத்துக் கட்டிய பின்னரே வீடு திரும்புவார். மாலையில் பாடம் முடித்த பிள்ளை கணினியைத் துடைத்து, அன்றைய வேலைக்குப் படி எடுத்து, பையில் இட்டு மூடுவதும் அத்தகைய வழக்கமே. அவ்வழக்கம் படிந்த வீட்டில், ஒரு பருவத்து உழைப்பால் வாங்கிய கருவி பல பருவங்களுக்குப் பயன் தரும்.