தேங்காய்க் கணக்கும் தாள் கணக்கும்

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருவில் தேங்காய் விற்ற 12 வயதுப் பிள்ளையிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளராகப் போனார்கள். ஒன்று 35 க்ருசேரோ என்றால் நான்கு எவ்வளவு? மூன்றுக்கு 105, அதோடு 30, ஆக 135, விட்டுப்போன 5-ஐயும் போட்டு 140 என்றது பிள்ளை. பின்னொரு நாள் தாளும் பென்சிலும் கொடுத்து 35 × 4 போடச் சொன்னபோது வந்த விடை 200.

பிழை சுவாரசியமானது. நாலஞ்சு இருபது, பூஜ்யத்தைப் போட்டுக் கையில் 2. அந்த இரண்டை மூன்றோடு முதலிலேயே கூட்டி ஐந்தாக்கி, அதை நான்கால் பெருக்கிவிட்டது. மூன்று தேங்காய் 105 என்று தெரிந்த பிள்ளை, நான்காவது 95 ஆகுமா என்று யோசிக்கவே இல்லை. தாளில் இருந்தது அதற்குத் தேங்காய் விலை அல்ல, வெறும் இலக்கங்கள்.

டெரசின்யா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமான் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இது. தெருவில் 98 விழுக்காடு சரி. வாக்கியக் கணக்கில் 74. வெறும் எண்களில் 37. ஐந்தே பிள்ளைகள்தானே என்று ஒதுக்கலாம். ஆனால் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கே உள்ளிட்டோர் டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே பிளவுதான். மறுபக்கமும் தெரிந்தது: பள்ளிக் கணக்கு மட்டுமே பழகியவர்கள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். பாடநூலில் கடைப் படம் போட்டால் போதும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கருத்து பிள்ளையிடம் இல்லாமல் இல்லை. எண்ணைப் பிரித்துப் பெருக்கிச் சேர்ப்பது பங்கீட்டுப் பண்பு. தெருவில் நடந்ததும் அதுதான், தாளில் நடக்க வேண்டியதும் அதுதான். தெருவில் முப்பது முப்பதாகவே நிற்கிறது. தாளில் அது 3 என்று சுருங்கி, தன் இடமதிப்பை ஒளித்துக்கொள்கிறது. வேகத்துக்காகக் கண்டுபிடித்த அந்தச் சுருக்கத்தையே முதல் பாடமாக வைப்பதுதான் கோளாறு என்பேன்.

வாய்ப்பாட்டை விட வேண்டியதில்லை. விடை வந்ததும் 'எப்படிப் போட்டாய்?' என்று கேட்டு, பிள்ளை சொன்ன 105 + 35-ஐயும், ஆசிரியரின் 120 + 20-ஐயும் கரும்பலகையில் அருகருகே எழுதலாம். கையில் வைத்த 2 உண்மையில் 20 என்பது அங்கே வெளிப்படும். அப்படிப் பழகியவர்களுக்கு, பின்னால் இயற்கணிதத்தில் அடைப்புக்குறியைப் பிரிக்கச் சொல்லும்போது அது ஏற்கெனவே செய்த வேலையாக இருக்கும்.