பழைய படைவீரர் சங்கங்கள்: வளர்ச்சியும் தேய்வும்

போர்முனையில் நின்ற வீரன் படையை விட்டு நீங்கி வீடு திரும்பும்போது அவனுடைய இடர்கள் யாவும் தீர்ந்துவிடுவதில்லை. உடலிற் பட்ட காயம் ஆறினாலும் உள்ளத்திற் பட்ட காயம் ஆறுவதற்கு நெடுநாள் செல்லும். அவன் தொழில் தேடல் வேண்டும். இடையில் நின்ற படிப்பைத் தொடர்தல் வேண்டும். அரசாங்கத்திடம் பெறவேண்டிய உபகாரச் சம்பளத்துக்குப் பத்திரங்களைத் திரட்டி விண்ணப்பித்தல் வேண்டும். இவற்றில் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் பொருட்டுப் பழைய படைவீரர்கள் தாமே கூடி அமைத்த சங்கங்கள் பல நாடுகளில் உள்ளன. அவற்றுள் ஐக்கிய அமெரிக்காவின் சங்கங்கள் பெருஞ் செல்வாக்குப் பெற்றவை. ஒரு சங்கத்தில் மக்கள் சேர்வது எதனால், விலகுவது எதனால், தலைமை அறுபடாது தொடர்வது எவ்வாறு என்னும் வினாக்களுக்கு அவற்றின் வரலாறு தக்க விடை தருகின்றது.

அந்நாட்டின் உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதற்கு அடுத்த ஆண்டு, வட மாநிலங்களின் சார்பிற் போரிட்டவர்கள் இலினோய் மாநிலத்திலே 'குடியரசின் பெரும்படை' என்னும் சங்கத்தை நிறுவினர். படை வைத்தியராகக் கடமையாற்றிய பென்ஜமின் ஸ்டீபன்சன் என்பவரே இம்முயற்சிக்கு முன்னின்றவர். சங்கம் விரைவாகப் பரவியது. ஆனால் 1869ஆம் ஆண்டிலே தலைவர்கள் ஒரு புதிய விதியைப் புகுத்தினர். அங்கத்தவர்கள் மூன்று படிகளாக வகுக்கப்பட்டனர். புதிதாகச் சேர்பவர் கீழ்ப்படியில் தொடங்கிப் படிப்படியாகவே மேலே செல்லலாம் என்பது ஏற்பாடு. ஒரே களத்தில் ஒரே உணவை உண்டு ஒரே ஆபத்தை எதிர்நோக்கியவர்கள், தங்கள் சொந்தச் சங்கத்திலே மேலோர் கீழோர் எனப் பிரிக்கப்படுவதை விரும்பவில்லை. அங்கத்தவர் பெருந்தொகையாக விலகினர். கிளைகள் பல செயலிழந்தன. 1871ஆம் ஆண்டில் அவ்விதி கைவிடப்பட்டது. எனினும், இழந்த வலிமையை மீளப் பெறுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

அவ்வலிமை மீண்டது சேவையினாலேயாம். கிளைகள் நிதி திரட்டி, வறுமையுற்ற வீரருக்கும் இறந்தோரின் மனைவி மக்களுக்கும் உதவின. அங்கவீனமுற்றோருக்கு உபகாரச் சம்பளம் வழங்கப்படல் வேண்டும் எனச் சங்கம் இடையறாது வாதாடியது. அதன் பயனாக 1890ஆம் ஆண்டில் அங்கத்தவர் தொகை 4 இலட்சத்துக்கு மேல் உயர்ந்தது. ஆயினும் உள்நாட்டுப் போரிற் சேவை செய்தவர்கள் மட்டுமே அதிற் சேரலாம் என்னும் வரையறை இறுதிவரை மாறவில்லை. பின்னர் நிகழ்ந்த போர்களிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்கு அங்கே இடமிருக்கவில்லை. 1949ஆம் ஆண்டில் இந்தியானாபொலிஸ் நகரிற் கூடிய கடைசி மகாநாட்டுக்கு வந்தவர்கள் அறுவரே. 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி ஆல்பேட் வூல்சன் என்னும் கடைசி அங்கத்தவர் காலமானார். அவரோடு சங்கமும் முடிவெய்தியது.

முதலாம் உலகப் போரின் பின்னர், 1919ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பாரிஸ் நகரிற் கூடிய அமெரிக்க வீரர்கள் 'அமெரிக்கன் லீஜன்' என்னும் சங்கத்துக்கு வித்திட்டனர். இதுவும் தொடக்கத்தில் ஒரு போரின் வீரருக்கே உரியதாயிருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டிலேயே, அப்போரிற் சேவை செய்வோரும் சேர்வதற்கு அது வழி திறந்தது. அதனோடும் அமையவில்லை. அதன் முன்னாள் தேசியத் தலைவரான ஹரி கோல்மரி என்னும் சட்டத்தரணி, நாடு திரும்பும் வீரருக்குக் கல்வியும், வீட்டுக் கடனும், வேலையற்ற காலத்துக்கு உதவிப் பணமும் அளிக்கும் சட்டமொன்றின் வரைவைத் தம் கைப்பட எழுதினார். 1944ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அச்சட்டத்திற் கையொப்பமிட்டார். ஏறத்தாழ 78 இலட்சம் வீரர்கள் அதன் உதவியாற் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர்.

முதிய தலைமுறையினர் இளையோரிடம் சந்தா கேட்பதற்கு முன்னரே அவர்களுக்கு வேண்டியதைச் செய்து வைத்தனர். போர் முடிந்ததும் லீஜனின் அங்கத்தவர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியதில் வியப்பில்லை.

வியட்நாம் போரின் பின்னர் நிலைமை வேறாயிற்று. அப்போரிற் பங்குபற்றியோர் லீஜனிற் சேர்வதற்கு 1966ஆம் ஆண்டிலே சட்டம் இடமளித்தது. ஆயினும், பழைய சங்கங்களின் மண்டபங்களில் தமக்கு மனமுவந்த வரவேற்பு இல்லை என அவ்விளைஞர்களிற் பலர் கருதினர். அவர்களுட் சிலர் 1978ஆம் ஆண்டிலே 'அமெரிக்க வியட்நாம் வீரர் சங்கம்' எனத் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். ஒரு தலைமுறை வீரர் மற்றொரு தலைமுறையைக் கைவிடுதல் இனி ஒருபோதும் நிகழலாகாது என்பது அதன் உறுதிமொழியாயிற்று. விதிப் புத்தகத்திலே கதவைத் திறப்பது மட்டும் போதாது; உள்ளே வருபவனை இருத்தி, அவன் சொல்வதைக் கேட்பதற்கும் ஆள் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

பெண்களின் நிலையும் இதனையே காட்டுகின்றது. படைச் சேவை புரிந்த பெண்கள் லீஜனில் 1919ஆம் ஆண்டு முதலே அங்கத்துவம் பெற்றனர். எனினும் ஒரு பெண் அதன் தேசியத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டது 2017ஆம் ஆண்டிலேயாம். அங்கத்துவத்துக்கும் தலைமைக்கும் இடையே 98 ஆண்டுகள் கடந்தன.

அண்மைக் காலத்தில் இச்சங்கங்களின் அங்கத்தவர் தொகை குறைந்து வருகின்றது. வியட்நாம் தலைமுறையினரும் முதுமை எய்திவிட்டனர். இதனை உணர்ந்த லீஜன் இரண்டு வழிகளை மேற்கொண்டது. 2019ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமொன்றின் மூலம், 1941ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதிக்குப் பின்னர் படையிற் சேவை செய்து நன்மதிப்போடு விலகிய யாவரும் சேரலாம் என்னும் நிலை ஏற்பட்டது. போர்க்காலங்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளிற் சேவை செய்து, அதுவரை புறத்தே நின்றவர்கள் இதனாற் பயன்பெற்றனர். மற்றையது மிக எளியது. கிளையைச் சேர்ந்தவர்கள் பழைய படைவீரர்களைத் தொலைபேசியில் அழைத்தோ நேரிற் சென்றோ நலம் விசாரிக்கின்றனர். சந்தா செலுத்தத் தவறியவரும் இதில் விடுபடுவதில்லை. முதலிற் கேட்பது சந்தாவையன்று, சுகத்தை. தனிமையில் வாடும் ஒருவருக்கு அந்த ஓர் அழைப்பே உயிர்காக்கும் துணையாதல் கூடும்.

தலைமைக்கும் இதுவே பயிற்சிக்களம். லீஜனின் தேசியத் தலைவர் ஓராண்டுக்கே பதவி வகிப்பார். ஆகவே அடுத்தவரை ஆயத்தம் செய்யும் பொறுப்பு எப்பொழுதும் உண்டு. கிளைகளிலோ, வேறு எவரும் முன்வராமையால் ஒருவரே பல ஆண்டுகள் பதவியில் இருத்தலும் நிகழும். அத்தகைய தலைவர் எத்துணை நல்லவராயினும், அவர் தளரும் நாளிற் கிளையும் தளரும். புதிதாகச் சேர்ந்தவரிடம் தொடக்கத்திலேயே ஒரு சிறு பொறுப்பை ஒப்படைத்தல் வேண்டும். கூட்டக் குறிப்பெழுதுதல், நோயுற்றோரைக் காணச் செல்லுதல் போன்றவை போதும். சிறிய கடமையை நிறைவேற்றியவர் பெரியதை ஏற்க அஞ்சமாட்டார். கூட்டம் கூடும் நேரமும் இளையோரின் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் இசைய அமைதல் வேண்டும்.

இவற்றுள் மிகவும் பயிற்சி வேண்டுவது சேவை அலுவலர் என்னும் பதவி. வீரரின் விண்ணப்பங்களைத் தயாரித்து, அரசாங்கத்தின் முன் கூலியின்றி வாதாடுபவர் இவர். இதற்கு அரசாங்கத்தின் அங்கீகாரம் பெறல் வேண்டும். இப்பணியை அறிந்தவர் அடுத்தவருக்குக் கற்பியாமல் ஓய்வு பெற்றால், அவ்வூரில் அங்கவீனமுற்ற வீரனும், கணவனை இழந்த மனைவியும் தமக்குரிய உதவியைப் பெறும் வழியறியாது தவிப்பர். அங்கத்தவர் தொகையைப் பற்றிய கவலை உண்மையில் இவர்களைப் பற்றிய கவலையேயாம்.